துணி சுற்றிய மணி

குளிர்பெட்டியின் கண்ணாடி மூடி மறுபடியும் வியர்த்துவிட்டது. தங்கை தன் வெட்டுத்துணிக் கூடையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, முகம் தெரியும் அளவுக்கு மட்டும் துடைத்தாள். துடைத்த வட்டத்துக்குள் அக்காள் தெரிந்தாள். மூடிய கண்கள், ஒருபுறம் லேசாக இறங்கிய உதடு, எதையோ சொல்ல வந்து, சரி போகட்டும் என்று விட்டுவிட்டவளைப் போன்ற முகம். வெளியே தகித்த வெயிலுக்கும் பெட்டிக்குள் உறைந்த குளிருக்கும் நடுவே ஒரு கண்ணாடிதான் இருந்தது. காலையில் பெட்டி வந்ததிலிருந்து அவளால் அக்காளைத் தொட முடியவில்லை. துடைக்கத்தான் முடிந்தது.

"அதையே தேய்ச்சுக்கிட்டு இருக்காதேம்மா. வர்றவங்களுக்கு வழி விடு" என்றார் மாமா.

மாமா அவர்களுடைய தாயின் தம்பி. அந்தக் குடும்பத்தில் எஞ்சியிருந்த ஒரே பெரியவர். அறை வாசலருகே நாற்காலி போட்டு அமர்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் ஒரு சொல்லும் மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தார்: "தண்ணி பிடிச்சுக்கிட்டு இருந்தா. அப்படியே சுவத்துல சாஞ்சா. அவ்வளவுதான். யாருக்கும் ஒரு தொந்தரவு இல்ல. கொடுத்து வெச்ச சாவு."

அவர் சொன்னது உண்மை. குழந்தைகள் வருவதற்கு முன்னால் பானைகளை நிரப்பிவிட வேண்டும் என்று, விடிந்தும் விடியாத வேளையில் அக்காள் கீழே இறங்கினாள். சற்று நேரத்தில் கூடத்திலிருந்து தண்ணீர் வழிந்து படியிறங்கித் தெருவுக்கு ஓடியது. சமையல்கார அம்மாள் வேலைக்கு வந்தவள், அந்தத் தண்ணீரைப் பார்த்ததுமே தெருவில் நின்று வாயில் அடித்துக்கொண்டாள். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அக்காள் உயிரோடிருக்கும் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாகாது என்பது அந்தத் தெருவுக்கே தெரியும்.

மேலே ஒற்றை அறை. அதில்தான் சகோதரிகள் இருவரும் வாழ்ந்தார்கள். தங்கையின் தையல் இயந்திரமும் அக்காளின் கட்டிலும் போக எஞ்சிய இடத்தில் இப்போது குளிர்பெட்டி நின்றது. கீழே குழந்தைகள் கூடம். பின்தெருவில் இருந்த ஆடை ஆலையில் தைக்கிற பெண்கள், சங்கு ஊதுமுன் தங்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு ஓடுவார்கள். இன்றும் ஓடினார்கள். பெட்டியின் மேல் விழுந்து அழுதார்கள். அழுத கண்ணோடு பிள்ளைகளைக் கீழே இறக்கிவிட்டார்கள். வேறு எங்கே விடுவார்கள்? ஆலையின் கதவு காய்ச்சலுக்கும் திறந்ததில்லை, சாவுக்கும் திறந்ததில்லை. வீட்டில் விட்டுப் பூட்டலாமென்றால், அவர்களுடைய வீடுகள் தகரக் கூரை போட்டவை. அந்தக் கூரையின் கீழ் ஒரு கோடைப் பகலை எந்தப் பிள்ளை தாங்கும்?

"போங்க, போங்க. அவங்க இல்லாட்டி நான் இல்லையா? நான் பாத்துக்கறேன்" என்று சமையல்கார அம்மாள்தான் அவர்களைத் தேற்றி அனுப்பினாள்.

தொலைபேசி அடித்தது. அக்காளின் மகன்.

"சித்தி, ரயில் நின்னுடுச்சு."

"எங்கடா?"

"எங்கன்னே தெரியல. சுத்தி வெறும் பொட்டல். தண்டவாளம் வெயில்ல நெளிஞ்சு கிடக்காம். சரி பண்ணின பிறகுதான் எடுப்பாங்களாம்." அவன் மூச்சு வாங்கினான். "வெச்சிருப்பீங்கல்ல?"

"வெச்சிருப்போம்டா. நீ முகம் பாக்காம எடுக்க மாட்டோம். சித்தி சொல்றேன்ல."

அதை அவள் விடியற்காலையிலும் சொல்லியிருந்தாள். நாட்டின் மறுகோடியில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் அவன். வருகிறேன் வருகிறேன் என்று ஒவ்வோர் ஆண்டும் சொன்னான். ஒவ்வோர் ஆண்டும் அக்காள் அவனுடைய போர்வையைத் துவைத்து மடித்து வைத்தாள். அந்தப் போர்வை இப்போதும் கட்டிலின் தலைமாட்டில் மடித்தபடியே இருந்தது.

உச்சிப் பொழுதில் மின்சாரம் போயிற்று. பெட்டிக்காரர் இதற்கென்றே ஒரு சிறிய ஜெனரேட்டரைத் தெருவில் நிறுத்தி, கம்பியைச் சன்னல் வழியே மேலே ஏற்றியிருந்தார். அது இரண்டு முறை இருமிவிட்டு உறுமத் தொடங்கியது. பெட்டி குளிர்ந்தது. வீட்டில் மற்றவை எல்லாம் நின்றன.

"இந்தக் கரண்ட் இனி பொழுது சாஞ்ச பிறகுதான் வரும். மின்நிலையமே படுத்துடுச்சாம்" என்றார் பெட்டிக்காரர். "நீங்க கவலைப்படாதீங்க. எண்ணெய் இருக்கு."

அறையில் துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஆலையின் கணக்கர் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இத்தனை பிள்ளைங்க இருக்கிற வீடு மாதிரியா இருக்கு? சத்தம் மூச்சு விடல பாருங்க. அதுங்களுக்கும் தெரியுது, பெரியம்மா போயிட்டாங்கன்னு."

எல்லோரும் 'ஆமாம்' என்றார்கள். தங்கையும் தலையசைத்தாள். தலையசைத்த கழுத்து பாதியில் நின்றது.

மணி ஏன் அடிக்கவில்லை?

அந்த வீட்டில் மணி அடிக்காத பகல் கிடையாது. சில கோடைகளுக்கு முன், கூடத்தில் ஒரு குழந்தை விளையாடாமல் மூலையில் சுருண்டு கிடந்தது. சமர்த்துப் பிள்ளை என்று மெச்சினார்கள். மாலையில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோதுதான் தெரிந்தது: அது காலையிலிருந்து சிறுநீரே கழிக்கவில்லை, உடம்பில் நீர் வற்றிப் போயிருந்தது. குழந்தை பிழைத்தது, அக்காளின் தூக்கம் பிழைக்கவில்லை. மறுநாள், ஊர் போன மகன் விட்டுச்சென்ற சைக்கிளிலிருந்து மணியைக் கழற்றிக் குளியலறைக் கதவில் திருகினாள். உள்ளே போய்விட்டு வருகிற பிள்ளை, வெளியே வந்ததும் ஒரு முறை அடிக்க வேண்டும். இதுதான் சட்டம். தாகம் என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கும் மணி அடிக்கத் தெரியும்.

அக்காள் எதையும் எண்ணவில்லை. எழுதி வைக்கவும் இல்லை. மேலே துணி மடித்துக்கொண்டிருந்தாலும் அவள் காது கீழே இருந்தது. கிணிங், கிணிங் என்று விட்டுவிட்டுக் கேட்டால் நிம்மதி. சற்று இடைவெளி விழுந்தால் போதும். செம்பும் குவளையுமாகப் படியிறங்கிவிடுவாள். சும்மா அடித்துவிட்டு ஓடும் போக்கிரிகளை அவர்கள் காலைப் பார்த்தே பிடித்துவிடுவாள், பாதம் நனைந்திருக்காது. எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள் பொறுக்காமல் வந்து கேட்டார்: "இது என்னம்மா வீடா, தீயணைப்பு நிலையமா?"

"ரெண்டும்தான்" என்றாள் அக்காள், விரலை வானத்துக்கு உயர்த்தி. "எரியுதே, தெரியலையா? முன்னெல்லாம் வெயில் விருந்தாளியா வந்துட்டுப் போகும். இப்ப வீட்டோட மாப்பிள்ளை. நாமதான் பிள்ளைங்களைக் காப்பாத்திக்கணும்."

தங்கை படிகளை எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

கூடத்தின் சன்னல்கள் சாத்தியிருந்தன. மின்விசிறிகள் நின்றிருந்தன. மூலையில் காற்றைக் குளிர்விக்கும் கூலர் ஊமையாக நின்றது. பாய்களில் பிள்ளைகள் கிடந்தார்கள். கன்னங்கள் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டி, ஒருவரையொருவர் சீண்டக்கூடத் தெம்பில்லாமல். பானைகள் விளிம்புவரை நிறைந்திருந்தன. அக்காள் கடைசியாக நிரப்பிய தண்ணீர் அப்படியே இருந்தது.

குளியலறைக் கதவில் மணியைச் சுற்றி, நீலக் கோடு போட்ட துணி இறுக்கிக் கட்டியிருந்தது.

அது அவள் கூடையில் இருந்த துணி. காலையில் மாமா, "ஒரு துண்டுத் துணி குடும்மா" என்றார். எதற்கு என்று கேட்காமல், அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்தாள்.

சமையல்கார அம்மாள், துக்க வீட்டாருக்குத் தேநீர் கொடுத்துவிட்டுக் காலித் தட்டோடு அப்போதுதான் உள்ளே வந்தாள். "மாமாதான் கட்டினாரு. பொணம் கிடக்கிற வீட்டுல மணி அடிச்சா கேக்கறவன் என்ன நினைப்பான்னாரு. நானும் மேலேயும் கீழேயுமா அலைஞ்சுக்கிட்டு... எவ்வளவு அடக்கமா இருக்குதுங்கன்னுதான் நினைச்சேன்."

"டேய், கொசு. நீ தண்ணி குடிச்சியா?" என்று கேட்டாள் தங்கை.

கொசு என்று பேர் வாங்கிய பையன் தலையைத் தூக்காமல் சொன்னான். "குடிக்கல."

"ஏன்டா?"

"குடிச்சா ஒண்ணுக்கு வரும்."

"வரட்டுமே. போக வேண்டியதுதானே."

"போனா மணி அடிக்கணும்ல?" இவ்வளவுகூடத் தெரியாதா என்பதுபோல அவன் பார்த்தான். "மணி அடிக்கக் கூடாதுன்னு தாத்தா சொன்னாரு."

மற்ற பிள்ளைகள், ஆமாம் என்று கண்ணாலேயே சொன்னார்கள். சட்டத்தை அவர்கள் ஒழுங்காகக் கற்றிருந்தார்கள். மணி இல்லையென்றால் குளியலறை இல்லை. குளியலறை இல்லையென்றால் தண்ணீர் இல்லை. பெரியவர்களின் மரியாதையைப் பிள்ளைகள் தங்கள் தாகத்தால் காத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசிப் பாயில் பட்டாணி கிடந்தாள். கூடத்திலேயே சிறியவள், உருண்டு திரிந்ததால் அக்காள் வைத்த பெயர். தங்கை தூக்கியதும் அவள் தலை தோளில் துவண்டது. உடம்பு அடுப்பு மேல் வைத்த பாத்திரம்போல் சுட்டது.

துக்கத்துக்கு வந்திருந்த நர்ஸ் ஒருத்தியைச் சமையல்கார அம்மாள் கையோடு இழுத்துவந்தாள். அவள் பட்டாணியின் நாக்கைப் பார்த்தாள்; புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தாள்.

"இன்னும் கை மீறிப் போகல. முழிச்சுப் பாக்கறா, முழுங்கறா. உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணியைக் கரண்டி கரண்டியா குடு. உடம்பை நனைச்சுக்கிட்டே இரு. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணுக்குப் போயாகணும். போகலைன்னாலும், கண்ணு சொருகினாலும் நேரா ஆஸ்பத்திரி, யாரையும் கேக்காதே." அவள் சுற்றிலும் பார்த்தாள். "முதல்ல இந்தக் கூடத்தைக் குளிர வை. எல்லாமே வாடிக் கிடக்குதுங்க. இந்த அனல்ல இப்படியே விட்டா, பொழுது சாயறதுக்குள்ள எல்லாத்தையும் தூக்கிட்டு ஓடணும்."

தங்கை மேலே வந்தாள். "ஜெனரேட்டர்ல கீழே கூலரையும் விசிறியையும் போடணும்" என்றாள் பெட்டிக்காரரிடம்.

"ரெண்டையும் இழுக்காதும்மா. பெட்டி, இல்லைன்னா கூலர்."

"வேற ஒண்ணு கிடைக்குமா?"

"எங்கே போறது? ஊர்ல இருக்கிற அத்தனை ஜெனரேட்டரும் பெட்டியோட போயிருக்கு. இந்த வெயிலுக்குச் சாவு அப்படி. ஆஸ்பத்திரிப் பிணக்கிடங்குலகூட இடமில்லை."

ஊரின் ஜெனரேட்டர்கள் எல்லாம் இறந்தவர்களைக் குளிர்வித்துக்கொண்டிருந்தன. உயிரோடிருந்தவர்கள் காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். தங்கை கண்ணாடியைப் பார்த்தாள். அது மறுபடியும் வியர்த்திருந்தது, முகம் தெரியவில்லை.

"பெட்டியை நிறுத்துங்க" என்றாள்.

மாமா எழுந்துவிட்டார். "புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? பெத்த பிள்ளை வந்துக்கிட்டு இருக்கான். நிறுத்தினா பொழுது சாயறவரைகூடத் தாங்காது. அவன் வந்து கேட்டா என்ன பதில் சொல்லுவே?"

"கீழே இருக்கிறதும் யாரோ பெத்த பிள்ளைங்கதான் மாமா."

"அதுக்கு ஈரத்துணி போடு, விசிறி விடு. யாரு வேணாம்னா? செத்தவளுக்குச் செய்ய வேண்டிய மரியாதைன்னு ஒண்ணு இருக்கு இல்ல?"

"நீங்க மணியில துணி சுத்தினீங்களே, அதுவும் மரியாதைதான்" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "பிள்ளைங்க காலையிலேருந்து தண்ணி குடிக்கல. ஒண்ணுக்குப் போகல. மணி அடிக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னதால. துணி குடுத்தவ நான்."

மாமா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

அவள் தொலைபேசியை எடுத்தாள். மகன் முதல் ஒலியிலேயே எடுத்துவிட்டான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். மறுமுனையில் நின்ற ரயிலின் அமைதியும், எங்கோ ஒரு கைக்குழந்தை அழுவதும் கேட்டன.

"இன்னும் கொஞ்ச நேரம் பாருங்களேன் சித்தி. ரயில் எடுத்துடுவாங்க."

"எடுப்பாங்களா?"

அவன் சொன்னான்: "போன வருஷமே வந்திருக்கணும் நான். சும்மா முகத்தைப் பாக்கணும் சித்தி. வேற ஒண்ணும் கேக்கல. ஒரு தடவை பாத்தா போதும்."

"தெரியும்டா."

"எங்கம்மா சித்தி அது."

"எனக்கும்தான்டா" என்றாள். தாய் போன பிறகு அவளுக்குத் தலை வாரிவிட்ட கை, அந்தக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

இணைப்பு அறுந்தது. அவன் வைத்தானா, தானாகத் துண்டித்ததா என்று தெரியவில்லை. பெட்டிக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். ஆண்கள் இருவரும் யாராவது ஒரு சொல் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருக்கையில், அவள் குனிந்து பெட்டியின் செருகியைப் பிடுங்கினாள்.

உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது; பெட்டியின் ரீங்காரம் மட்டும் நின்றது. மூடியின் கொக்கிகளைக் கழற்றித் தூக்கினாள். உள்ளிருந்த குளிர் ஒரு பெருமூச்சுப்போல அவள் முகத்தில் பட்டுவிட்டு, அறையின் வெக்கையில் கரைந்தது.

காய்ச்சல் என்று யார் சொன்னாலும் அக்காள் முதலில் செய்வது ஒன்றுதான். உள்ளங்கையை நெற்றியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். தங்கை தன் உள்ளங்கையை அக்காளின் நெற்றியில் வைத்தாள். அந்த வீட்டிலேயே, அந்தத் தெருவிலேயே, குளிர்ந்திருந்தது அது ஒன்றுதான். எடுக்க மனம் வரவில்லை.

எடுத்தாள். கம்பியைச் சுருட்டிச் சன்னலருகே கொண்டுபோய்க் கீழே விட்டாள். அது சுவரை உரசிக்கொண்டு இறங்கிக் கூடத்தின் சன்னலுக்கு நேரே ஆடியது. சமையல்கார அம்மாளின் கை நீண்டு அதைப் பற்றிக்கொண்டது.

கூலர் ஒரு குலுங்கு குலுங்கிச் சுழன்றது. சன்னல்கள் திறந்தன. தங்கை மணியிலிருந்த துணியை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்ததால் பல்லால் கடித்து அவிழ்த்தாள். அதே துணியைப் பானையில் நனைத்துப் பிழிந்து பட்டாணியின் மார்பில் போட்டாள்.

"கேளுங்க எல்லாரும். மணி அடிக்கலாம்."

பிள்ளைகள் நம்பவில்லை. அவள் பின்னால், வாசலில் நின்றவரைப் பார்த்தார்கள். மாமா படியிறங்கி வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூலரில் ஊற்ற ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி நின்றார்.

"தாத்தா, அடிக்கலாமா?" என்றான் கொசு.

"அடிங்கடா" என்றார் அவர். "நல்லா குடிச்சுட்டு, நல்லா அடிங்க."

குவளைகள் பானையில் மோதின. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கொசு போனான், வந்தான், கிணிங். அடித்த கையோடு பாதத்தையும் தூக்கிக் காட்டினான், நனைந்திருந்தது. பிறகு ஒருவர், பிறகு ஒருவர். மேலே துக்கத்துக்கு வந்தவர்கள், ஒவ்வொரு மணிக்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பட்டாணி மட்டும் போகவில்லை. தங்கையின் மடியில் கிடந்து, கரண்டி உதட்டைத் தொட்டபோதெல்லாம் விழுங்கினாள். மாமா எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, கரண்டியை நிரப்பி நிரப்பி நீட்டினார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் ஒரு முறை. "அந்த மணி எதுக்குன்னு. பிள்ளைங்க விளையாட்டுன்னு நினைச்சேன்."

"அவளும் விளையாட்டுன்னுதான் சொல்லிவெச்சிருந்தா மாமா. இல்லைன்னா இதுங்க அடிக்குமா?"

வெயில் சன்னலிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து கூரைக்கு ஏறியது. ஆலையின் சங்கு ஊதியது. தாய்மார்கள் நூல் துணுக்குகள் ஒட்டிய உடையோடு ஓடிவந்தார்கள். மேலே போகத் திரும்பியவர்கள், கூலரின் சத்தத்தையும் சன்னல் வழியே வந்த கம்பியையும் பார்த்து, அங்கேயே நின்றார்கள். சமையல்கார அம்மாள் தாழ்ந்த குரலில் சொல்லச் சொல்ல, ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பட்டாணியின் தாய் சுவரோரம் உட்கார்ந்து, மகளின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி வந்து வாசலில் நின்றது. அக்காளைக் கீழே இறக்கினார்கள். கூடத்தின் வாசலில் ஒரு நொடி நிறுத்தச் சொன்னாள் தங்கை. ஏனென்று யாரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில்தான் தொலைபேசி அடித்தது. பட்டாணியைத் தாயிடம் கொடுத்துவிட்டு எடுத்தாள்.

"ரயில் எடுக்கலை சித்தி" என்றான் மகன். குரலில் கோபம் இல்லை. "கிளம்பிட்டீங்களா?"

"வாசல்ல இருக்கோம்டா."

"ம்."

தங்கை ஓரடி நகர்ந்து அக்காளின் முகத்தருகே நின்றாள்.

"முகம் எப்படி இருக்கு?"

"தூங்கற மாதிரின்னு பொய் சொல்ல மாட்டேன். ஏதோ சொல்ல வந்து, சரி விடுன்னு விட்டுட்ட மாதிரி இருக்கு."

"அது எப்பவும் அப்படித்தான்" என்றான். "ஃபோன்லயும் அப்படித்தான். வைக்கறதுக்கு முன்னாடி ஏதோ சொல்ல வரும். அப்புறம் சரி, தண்ணி குடின்னுட்டு வெச்சிடும்."

அப்போது பட்டாணி தாயின் மடியிலிருந்து நெளிந்தாள். இறக்கிவிடு என்று முனகினாள். நின்ற கால் நடுங்கியது. மாமா ஒரு விரலை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு அவள் குளியலறைக்குள் போனாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும், வாசலில் அக்காளைத் தோளில் தாங்கியிருந்தவர்களும், அந்தக் கதவைப் பார்த்தார்கள்.

கதவு திறந்தது. மணி அவளுக்கு எட்டாது. மாமா தூக்கக் குனிந்தார். அவள் அவர் கையைத் தள்ளிவிட்டுக் குதிகாலை உயர்த்தி, கதவில் கன்னம் பதிய எக்கி, ஒற்றை விரலால் நெம்பினாள்.

கிணிங்.

தொலைபேசியில் மகனின் குரல் கேட்டது.

"சித்தி... அது என் சைக்கிள் மணியா?"

தங்கை தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து, கதவுக்கு அருகே நீட்டிப் பிடித்தாள். பட்டாணிக்குப் பின்னால் அடுத்த பிள்ளை, கால்களை இடுக்கிக்கொண்டு காத்து நின்றது.